விரதம் என்றால் வற்புறுத்தாத வீடு: ஈசூனில் ஒரு நிகழ்வு ஆய்வு

2024 மார்ச்சில் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தைச் சேர்ந்த 43 வயதுக்காரர் ஒருவர் குடும்ப மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். நோய் வருமுன் காக்கும் அரசுத் திட்டமான 'ஹெல்தியர் எஸ்ஜி' 2023 ஜூலையில் தொடங்கியது. 40 வயதைத் தொட்டவர்கள் அதன்கீழ் ஒரு மருத்துவரிடம் பதிந்துகொண்டு தங்களுக்கான சுகாதாரத் திட்டத்தை வகுத்துக்கொள்ளலாம். இவராகப் பதியவில்லை, மனைவி விடாமல் சொல்லிச் சொல்லிப் பதிய வைத்தார். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 6.5 மில்லிமோல். இங்கே 6.0 வரை இயல்பு, 7.0 ஆகிவிட்டால் நீரிழிவு. குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையையும் செய்துபார்த்துவிட்டு, இது நீரிழிவுக்கு முந்தைய கட்டம் என்று மருத்துவர் சொன்னார். உயரம் 170 செ.மீ., எடை 84 கிலோ, இடுப்பு 98 செ.மீ. உடல் எடைக் குறியீடு 29. ஆசியர்களுக்கு 27.5ஐத் தொட்டாலே அதிக ஆபத்து என்பது சிங்கப்பூர்க் கணக்கு.

அவரை இந்த ஆய்வில் 'அண்ணன்' என்றே எழுதுகிறேன். சமூக மன்றத்தில் நான் நடத்தும் உடற்பயிற்சி வகுப்பில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் அவர் மனைவியும் இதை எழுதச் சம்மதித்தார்கள். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மருத்துவர் வைத்த இலக்கு இரண்டு: எடையில் ஆறு கிலோ குறைய வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடமாவது உடற்பயிற்சி வேண்டும். எண்கள் சும்மா வந்தவை அல்ல. 2002இல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைத்து வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வதை இலக்காக வைத்துப் பழக்கங்களை மாற்றிக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. நம் ஆட்களுக்கு அது பொருந்துமா என்று கேட்பவர்களிடம் நான் சென்னை ஆய்வைச் சொல்வேன். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரை வைத்து நடந்து 2006இல் வெளியானது. அங்கே வெறும் பழக்க மாற்றத்தால் மட்டும் 28.5 விழுக்காடு குறைந்தது. அமெரிக்க எண்ணைவிடச் சிறியதுதான். ஆனால் நம்மைப் போலச் சோறும் இட்லியும் சாப்பிடும் ஊரில் கிடைத்த எண் அது.

இந்தக் குடும்பத்துக்கு எண்களை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. அண்ணனின் அப்பா நீரிழிவில் ஒரு காலை இழந்து, அப்புறம் போய்ச் சேர்ந்தவர். 2017 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு என்று சொன்னபோது, இவர்கள் வீட்டில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டார்களாம்.

அப்படி இருந்தும் இதே வீடுதான் அண்ணனை நான்கே மாதத்தில் பழைய எடைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது.

முதல் சுற்று

ஏப்ரலில் அண்ணன் முழு மூச்சாக இறங்கினார். வாரம் நான்கு நாள் வேலை முடிந்து ஆக்டிவ்எஸ்ஜி என்ற பொது ஜிம், ஞாயிறு காலையில் ஓட்டம். இரவில் சோறு கிடையாது. மின்தூக்கிப் பராமரிப்பு வேலை பார்ப்பவர், படியேறிப் பழகிய உடம்பு. சோம்பேறி என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. ஜூன் தொடக்கத்தில் 81.5 கிலோ. அதோடு சரி. ஜூலை கடைசியில் மறுபடி 83.8.

மன உறுதி இல்லை என்று அவரே தன்னைத் திட்டிக்கொண்டார். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவருக்கு, அப்பா இறந்த நாளிலிருந்து சிகரெட்டைத் தொடாதவருக்கு, உறுதி எங்கே குறைந்தது? அந்த நான்கு மாதத்தில் எந்த நாளில், யாரிடம், என்ன பேச்சு வந்தது என்று உட்கார்ந்து எழுதச் சொன்னேன். எழுதி வந்த தாளில் ஜிம்மைப் பற்றி ஒரு வரி இல்லை. எல்லாம் சாப்பாட்டு மேசை, கல்யாண மண்டபம், காப்பிக் கடை.

அம்மாவின் கரண்டி

அவர் வீட்டில் ஒரு ஞாயிறு மதியம் நானும் சாப்பிட்டேன். அம்மாவுக்கு 71 வயது. மற்றவர்கள் சாப்பிடும்போது அவர் உட்காரமாட்டார். கரண்டியோடு பக்கத்திலேயே நிற்பார். அண்ணன் "போதும்மா" என்று தட்டின் மேல் கையை விரித்து மறைத்தார். அம்மா கையை விலக்கவில்லை. விரலிடுக்கு வழியாகவே மீன் குழம்பை விட்டார். குழம்பு பட்டதும் அண்ணன் கையை எடுத்தார், எடுத்த இடத்தில் ஒரு கரண்டி சோறு விழுந்தது. இவ்வளவுக்கும் அம்மா என்னோடு பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தவே இல்லை. பேத்தியின் தேர்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். யாருக்கும் யார்மேலும் கோபமில்லை.

இதைப் பார்த்தவர்கள் "கிழவிக்குப் பிடிவாதம்" என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இது: "தம்பி, இவங்க அப்பாவுக்கும் இப்படித்தான் முதல்ல கன்னம் ஒட்டிச்சு. சட்டை தொளதொளன்னு ஆச்சு. நாங்க நல்லதுன்னு நெனச்சோம்."

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. கவனிக்காமல் விட்ட நீரிழிவில் உடலால் சர்க்கரையைப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. அதற்குப் பதிலாகக் கொழுப்பையும் தசையையும் கரைத்து எரிக்கிறது. ஆள் சாப்பிடச் சாப்பிட இளைப்பார். அம்மா கண்ணால் பார்த்த ஒரே இளைப்பு அதுதான். இப்போது மகனின் கன்னம் ஒட்டினால் அவர் கரண்டியை எடுக்காமல் என்ன செய்வார்? உடம்பைப் பேணி இளைப்பதற்கும் நோயில் இளைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு யாரும் சொன்னதில்லை. தாகம், அடிக்கடி சிறுநீர், அசதி, காரணமே தெரியாமல் எடை இறங்குவது: இவை சேர்ந்து வந்தால் பயப்பட வேண்டும், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அண்ணனுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை.

ஜிம்மைப் பற்றியும் அம்மாவுக்கு ஒரு கேள்வி இருந்தது. "வேலையிலதான் நாள் முழுக்கப் பாரம் தூக்கிட்டு வர்றான். அங்கேயும் காசு கொடுத்துப் போய்த் தூக்கணுமா?" நியாயமான கேள்விதான்.

மனைவி ஏன் மாறினார்

மருத்துவரிடம் பதிய வைத்ததே மனைவி என்று சொன்னேன். ஏப்ரலில் ஜிம் பையை எடுத்து வைத்தவரும் அவரே. ஜூன் மாதத்துக்குப் பிறகு அதே மனைவி, "இன்னைக்கு ஒரு நாள் போகாம இருந்தாத்தான் என்னங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். இரவில் சப்பாத்திக்குப் பதில் சோறு வந்தது. அண்ணனுக்கு இதுதான் பெரிய வலி. அம்மாவைப் புரிந்துகொண்ட அளவுக்கு மனைவியை அவரால் புரிந்துகொள்ள முடியவில்லை.

தாளை வைத்துத் தேதி பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. ஜூனில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் அண்ணன் இரண்டாவது முறை சோறு வேண்டாம் என்றார். எதிர்ப் பந்தியில் இருந்த பெரியத்தை அவரை ஒன்றும் கேட்கவில்லை. மனைவியைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, வீட்டுல சோறு ஆக்கிப் போடுறியா இல்லையா? புள்ள இப்படி வத்திப் போயிருக்கான்." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அது விளையாட்டுப் பேச்சு என்றுதான் அவர் நினைத்தார். மனைவி வீடு வரும்வரை பேசவில்லை.

இந்த நிகழ்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். ஆண் இளைத்தால் சொந்தக்காரர்கள் ஆணைக் கேட்பதில்லை, அவன் வீட்டுப் பெண்ணைக் கேட்கிறார்கள். அம்மாவைக் கேட்கிறார்கள், மனைவியைக் கேட்கிறார்கள். இலக்கு அண்ணனுடையது, அதற்கான விலையைக் கட்டிக்கொண்டிருந்தவர் மனைவி. வெளியே வாங்கிய பேச்சு வீட்டுக்குள் சோறாகத் திரும்பி வந்தது.

இன்னொன்றும் இருந்தது, அதில் மனைவி பக்கமே முழு நியாயம். மகளுக்கு அந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. வாரம் நான்கு மாலையும் ஞாயிறு காலையும் அண்ணன் வெளியே போய்விட, சமையல், துணி, மகளின் பாடம், மாமியாரின் மருந்து எல்லாம் ஒரே தலையில் விழுந்தன. யாரையும் கேட்காமல் அண்ணன் தனக்கென்று ஐந்து பொழுதுகளை எடுத்துக்கொண்டிருந்தார். குடும்ப எதிர்ப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் ஒரு பகுதி இப்படிப்பட்ட நியாயமான புகார். அதை அழுத்தம் என்ற பெயரில் தள்ளிவிடக் கூடாது.

1987இல் ஜேம்ஸ் சாலிஸும் உடன் ஆய்வாளர்களும் உணவு, உடற்பயிற்சிப் பழக்கங்களுக்குச் சுற்றத்தார் தரும் ஆதரவை அளக்க ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார்கள். உணவுப் பகுதியில் குடும்பத்தார் ஊக்கம் கொடுத்தார்களா என்பதை ஓர் அளவாகவும், குலைத்தார்களா என்பதை வேறோர் அளவாகவும் வைத்தார்கள். ஒரே ஆள் இரண்டிலும் அதிக மதிப்பெண் வாங்கலாம். அண்ணனின் மனைவி அதற்கு நல்ல சான்று. அம்மாவும்தான்: அவருக்குத் தெரிந்தவரையில் அவர் மகனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

நண்பர்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சனிக்கிழமை இரவு காப்பிக் கடையில் புரோட்டாவும் பீரும், "மச்சான், இந்த வயசுல சிக்ஸ் பேக் வச்சு யாருக்குடா காட்டப் போறே?" என்ற கேலியும். எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

திசை மாறிய பேச்சு

ஆகஸ்டில் அண்ணனையும் மனைவியையும் உட்கார வைத்துப் பேசினேன். எப்படி மறுப்பது என்று சொல்லிக்கொடுங்கள் என்றார் அண்ணன். மறுக்கும் வாசகங்களை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு இரண்டு முறை மறுக்க வேண்டுமானால் எந்த உறுதியும் தேய்ந்துபோகும். அதனால் வேறு கேள்வி கேட்டேன்: உங்கள் வீட்டில் நீங்கள் சாப்பாட்டை மறுத்து, யாரும் ஒரு வார்த்தை சொல்லாத காலம் எது?

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: தைப்பூசம்.

அண்ணன் ஆண்டுதோறும் பால்குடம் எடுப்பவர். ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம்வரை நடக்கிறார். அதற்கு முன்னால் பல வாரம் விரதம். சைவம், இரவில் பழமும் பாலும் மட்டும், தரையில் பாய். அந்த நாள்களில் இளைக்கத்தான் செய்கிறார். யாரும் நோயா என்று கேட்பதில்லை. விரல் வழியாகக் குழம்பு ஊற்றும் அதே அம்மா, அவருக்கென்று தனிப் பாத்திரம் தேய்த்து வைக்கிறார். பேரன் பக்கத்தில் கோழி வறுவலோடு உட்கார்ந்தால் எழுப்பி விடுகிறார். பெரியத்தை வீட்டுக்குப் போனால்கூட "விரதமா? அப்ப இந்தாப்பா, பழம் சாப்பிடு" என்று முடிந்துவிடுகிறது. நண்பர்கள் அந்தச் சில வாரம் அவரைக் காப்பிக் கடைக்குக் கூப்பிடுவதே இல்லை.

ஆக, கட்டுப்பாட்டுக்குத் துணை நிற்க இந்தக் குடும்பத்துக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. பரம்பரையாகத் தெரிந்த வேலை அது. விரதத்தில் என்னென்ன இருக்கிறது என்று மூவரும் சேர்ந்து பிரித்துப் பார்த்தோம். முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும். எந்த நாள், எது கூடும், எது கூடாது என்பதில் பேரம் இல்லை. வீட்டில் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு: ஒருவர் பாத்திரம் பார்க்க, ஒருவர் பூ வாங்க, ஒருவர் கூட நடக்க. விரதம் இருப்பவர் அடுத்தவர் சாப்பாட்டைக் குறை சொல்வதில்லை. ஏப்ரலில் அண்ணன் தொடங்கியதில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒரு நாள் காலையில் சோறு வேண்டாம் என்று அறிவித்துவிட்டுக் கிளம்பிப் போனவர் அவர். போதாக்குறைக்கு மனைவி தேங்காய் அரைத்தால் அதில் எவ்வளவு கொழுப்பு என்று சொல்லிக்கொண்டும் இருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உடற்பயிற்சியைச் சாமி காரியம் ஆக்க வேண்டும் என்பது என் வாதமில்லை. அம்மாவே அதை ஒப்பமாட்டார். விரதத்துக்கு முடிவு நாள் உண்டு, முடிந்ததும் விருந்து உண்டு. ரத்தச் சர்க்கரைக்கு அந்த முடிவு நாள் கிடையாது. எடுத்துக்கொண்டது அதன் அமைப்பை மட்டும்.

புதிய ஏற்பாடு

முதலில் அம்மாவும் மனைவியும் அண்ணனோடு மருத்துவரைப் பார்க்கப் போனார்கள். அப்பாவின் இளைப்புக்கும் மகனின் இளைப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மருத்துவர் வாயாலேயே அம்மா கேட்டார். மகனோ பயிற்றுநரோ சொன்னால் வேறு, வெள்ளைத் தாளில் எண்ணைக் காட்டி மருத்துவர் சொன்னால் வேறு. சர்க்கரை 7ஐத் தொடக் கூடாது என்பது அம்மாவுக்கு அன்றே மனப்பாடம்.

நான்கு மாலை இரண்டாகக் குறைந்தது. சிங்கப்பூரில் 2022இல் வந்த உடற்பயிற்சி வழிகாட்டியில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி என்று இருக்கிறது. இரண்டு நாள் போதும் என்றால் எந்த இரண்டு? மனைவிதான் சொன்னார்: செவ்வாய், வெள்ளி. அந்த வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் கவுச்சி கிடையாது. எத்தனையோ ஆண்டுகளாக யாரும் கேள்வி கேட்காத வழக்கம். இன்றைக்கு மீன் வைக்கலாமா என்று வெள்ளிக்கிழமை எவரும் கேட்பதில்லை. ஜிம்மும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. மற்ற மாலைகளில் மகளின் பாடம் அண்ணன் பொறுப்பு. அந்த உடன்பாடு இல்லாமல் மனைவி சம்மதித்திருக்கமாட்டார், சம்மதித்திருக்கவும் கூடாது.

ரயில் நிலையத்திலிருந்து பேருந்து ஏறாமல் வேகமாக நடந்து வீடு வருவது மற்ற நாள்களின் கணக்கை நிரப்பியது. ஞாயிறு ஓட்டம் நின்றது. அதற்குப் பதில் அம்மாவோடு ஈசூன் குளத்தைச் சுற்றி நடை. அம்மாவின் வேகத்துக்கு அண்ணனுக்கு மூச்சு வாங்காது, அதனால் இதைப் பயிற்சியாகவே நான் எண்ணவில்லை. ஆனால் வாரம் முழுவதிலும் அம்மா மகனைத் தனியாகப் பிடித்துப் பேசும் நேரம் அது ஒன்றுதான்; கரண்டி வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்ததில் பாதி அங்கே போயிற்று என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதிக்குச் சமையலறையிலேயே வழி செய்தோம். சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014இல் கொண்டுவந்த தட்டுப் படம் ஒன்று உண்டு: பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு மீன், முட்டை, பருப்பு போன்றவை. அம்மாவிடம் சோற்றைக் குறையுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. முருங்கைக்கீரை, அவரைப் பொரியல், சுண்டல், டாவ்குவா (கெட்டியான டோஃபு) வறுவல் இவற்றை இன்னும் கூடுதலாகச் செய்துதரச் சொன்னார் அண்ணன். அம்மா கரண்டியோடு நிற்பது நிற்கவில்லை. கரண்டியில் இருப்பது மாறியது. "அவனுக்குப் புரதம் பத்தாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்று எனக்கே இரண்டாவது முட்டையை வைத்தார்.

மனைவிமேல் விழுந்த பேச்சை அண்ணன்தான் தூக்க வேண்டியிருந்தது. செப்டம்பரில் இன்னொரு கல்யாணம், அதே பெரியத்தை, ஏறக்குறைய அதே கேள்வி. இந்த முறை மனைவி வாயைத் திறக்கும் முன்பே அண்ணன் எழுந்து நின்று பதில் சொன்னார்: "அத்தை, அப்பாவுக்கு வந்தது எனக்கும் வாசல்வரைக்கும் வந்துடுச்சு. இவதான் என்னை டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா. இவ இல்லன்னா அடுத்த வருஷம் நான் ஊசி போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்." பெரியத்தை மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாராம். அதற்குப் பிறகு வீட்டில் இரவுச் சப்பாத்தி தானாகவே திரும்பி வந்தது. அண்ணன் கேட்கக்கூட இல்லை.

தீபாவளி

2024 தீபாவளி அக்டோபர் 31. பத்துப் பன்னிரண்டு வீடு ஏறி இறங்க வேண்டிய நாள், ஒவ்வொரு வீட்டிலும் பலகாரத் தட்டு. அண்ணன் தானே ஒரு வழக்கம் உண்டாக்கினார்: இனிப்பு ஒரே வீட்டில், அம்மா கையால். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அம்மா கொடுத்த அதிரசத்தைச் சாப்பிட்டார். போன இடங்களில் எல்லாம் மனைவி சொன்னது ஒரே வாசகம்: "இன்னைக்கு அவர் அத்தை கையால மட்டும்தான் இனிப்பு சாப்பிடுவார்." அம்மா பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தாய்க்குக் கொடுத்த இடம் என்று ஆனபின் யாரும் வற்புறுத்தவில்லை. முறுக்கும் சீனி போடாத தேநீரும் எல்லா வீட்டிலும் எடுத்துக்கொண்டார், கைநனைக்காமல் வந்தார் என்ற பேச்சுக்கும் இடமில்லை. ஒரு வீட்டில் மட்டும் பெரிய டப்பா நிறைய லட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு மறுநாள் வேலையிடத்தில் கொடுத்தார்.

எண்கள்

2025 மார்ச்: எடை 78.5 கிலோ, வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.8. செப்டம்பர்: எடை 77.5, இடுப்பு 90, சர்க்கரை 5.7. உடல் எடைக் குறியீடு 26.8. இன்னும் இயல்பு அளவான 23க்குக் கீழே வரவில்லை, அதிக ஆபத்து வரம்பைவிட்டு இறங்கியிருக்கிறது. மருத்துவர் கேட்ட ஆறு கிலோ கிடைத்துவிட்டது. மார்ச்சுக்கு அப்புறம் எடை பெரிதாக இறங்கவில்லை. அண்ணனுக்கு அதில் கொஞ்சம் மனக்குறை; எனக்கில்லை. இறங்கிய எடை திரும்பி ஏறாமல் நிற்கிறது.

ஒட்டாதவை

எல்லாம் கைகூடவில்லை. காப்பிக் கடை நண்பர்களில் இருவர் அவருடைய தே ஓ கொசோங்கை, அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீரை, பழகிக்கொண்டார்கள். கையால் கலந்து விற்கும் பானங்களுக்கும் 2023 டிசம்பர் 30 முதல் சர்க்கரை, கொழுப்பு அளவை வைத்து ஏ முதல் டி வரை தரம் போடும் நியூட்ரி-கிரேட் வந்துவிட்டதால், அந்த இருவரில் ஒருவர் கடையில் ஏ, பி, சி, டி பார்த்து வாங்கவும் தொடங்கினார். பள்ளிக் காலத்திலிருந்து கூட இருந்த இன்னொருவர் பழகவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கேலி கூடியது. ஒரு கட்டத்தில் அது கேலியாக இல்லை. தன்னை விட்டுப் போகிறான் என்ற கோபம். அண்ணன் அவரைத் தனியாகச் சந்தித்துப் பேசினார், நடக்கக் கூப்பிட்டார். வரவில்லை. இப்போது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் குறுஞ்செய்தி மட்டும். இதற்கு என்னிடம் வழி இல்லை. அன்பு காட்டுகிற எல்லாரையும் ஒரு பங்கு கொடுத்து உள்ளே இழுத்துவிடலாம் என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

அம்மாவின் பயமும் முழுக்கப் போகவில்லை. பிப்ரவரியில் தைப்பூச விரதத்தோடு பயிற்சியும் சேர்ந்ததில் அண்ணன் முகம் வாடியது. அம்மா ஒரு வாரம் தூங்கவில்லை. அந்த வாரங்களில் எடை தூக்குவதை நிறுத்தி நடையை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். விரதத்தில் சாப்பாடு குறைந்திருக்கும்போது கனமான பாரம் தூக்குவது நல்லதுமல்ல. அம்மாவின் கவலை அங்கே பயன்பட்டது.

ஒரு குடும்பத்தை வைத்து எல்லாருக்கும் சட்டம் போட முடியாது. இங்கே வீட்டில் அடிப்படைப் பாசம் இருந்தது, மருத்துவரைப் பார்க்க வழி இருந்தது, மனைவி பேசத் தயாராக இருந்தார். உடம்பைக் காட்டி இழிவுபடுத்தும் கணவன், பட்டினி போட்டு இளைக்கச் சொல்லும் மாமியார் உள்ள வீடுகளும் நம்மிடையே உண்டு. அங்கே இந்த ஏற்பாடு பொருந்தாது, அங்கே வேறு உதவி வேண்டும். இதே இலக்கை மனைவி வைத்திருந்தால் குடும்பம் இந்த அளவுக்கு வளைந்து கொடுத்திருக்குமா என்றும் கேட்டேன். அண்ணன் யோசித்தார். மனைவி யோசிக்காமல் "இல்ல" என்றார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு அவரும் பரிசோதனை செய்துகொண்டார். எண்கள் இயல்பாகத்தான் இருக்கின்றன. புதன், சனி மாலைகளை இப்போது அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார், அந்த நாள்களில் சமையல் அண்ணன். அண்ணனுக்கு அடுத்த மாதத்திலிருந்து இரவு வேலை, செவ்வாய் வெள்ளியை மாற்ற வேண்டி வரும். எந்த நாள் என்று இன்னும் முடிவாகவில்லை. ஞாயிறு நடையில் கேட்டுச் சொல்வதாக அம்மா சொல்லியிருக்கிறார்.